சித்தி பேருக்கு வந்த ஓட்டம்

சட்டிக்குள் போன கை உடனே வெளியே வரவில்லை. சித்தியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். அடி நெளிந்த அலுமினியச் சட்டி, ஏலக்கூடத்தில் இறால் கழுவ வைத்திருப்பது. அன்றைக்கு அதைத் துடைத்துக் காயவைத்து, உள்ளே பதினோரு சீட்டுகளை மடித்துப் போட்டிருந்தோம். ஒவ்வொருவராகக் கையை விட்டு, எடுத்து, பிரித்துப் பார்த்து, இளித்துக்கொண்டோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டோ நகர்ந்தோம். சித்தி மட்டும் கையை உள்ளே விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். மணிக்கட்டு வரை சட்டிக்குள் இருந்தது. கண் கூரைத் தகரத்தில் எங்கோ நிலைத்திருந்தது. தகர ஓட்டை வழியாக விழுந்த வெயில் அவள் தோளில் ஒரு காசளவுக்கு நின்றது. "இன்னா சித்தி, உள்ள மீன் துழாவுறியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.

எங்கள் பழவேற்காட்டில் ஓட்டச் சங்கம் என்று ஒன்று இருந்ததை வெளியூரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மீன்பிடிக்கிறவனுக்கு ஓட எங்கே நேரம் என்று கேட்பார்கள். கரைக்கு வந்த மீனை ஐஸ் வண்டி கிளம்புவதற்குள் சேர்க்க வேண்டியவன்தான் ஓடுவான் என்று அவர்களுக்குத் தெரியாது. சித்தி ஓடிப் பழகியதும் அப்படித்தான். என் அம்மாவின் தங்கை அவள், என்னைவிட எட்டு வயது மூத்தவள். இறால் தோல் உரிக்கும் ஷெட்டில் வேலை. ஐந்து நிமிஷம் பிந்தினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று, வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓடியே போவாள். சங்கம் தொடங்கியபோது, "நான் தெனம் ஓடுறதுக்கு ஒரு பேரு குடுத்தா வாணான்னா சொல்லப் போறேன்" என்று சேர்ந்துகொண்டாள். மகள் போட்டுக் கழித்த ஷூ, பழைய சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி ஒரு முடிச்சு. அந்தக் கோலத்தில் ஓடினால் சங்கத்து ஆண்களில் பாதிப் பேர் பின்னால்தான் வர முடியும்.

நான் சொல்ல வந்தது பொங்கல் கழிந்து வந்த ஒரு சனி, ஞாயிறைப் பற்றி. இரண்டு நாளில் மூன்று பந்தயம். சனி காலை திருப்பாலைவனத்தில் சாலை ஓட்டம், சாயங்காலம் லைட் ஹவுஸ் பக்கம் கடல் மணலில் ஓட்டம், ஞாயிறு காலை ஏரித் தொடர் ஓட்டம். முதல் இரண்டிலும் யார் வேண்டுமானாலும் ஓடலாம். தொடர் ஓட்டத்துக்கு மட்டும் ஒரு சங்கத்துக்கு நாலு பேர்தான். முதல் இரண்டு ஆட்கள் பசியாவரம் தீவை ஆளுக்கு ஒருமுறை சுற்றி ஓட வேண்டும். மூன்றாவது ஆள் தீவின் தெருவில் கொஞ்ச தூரம் ஓடிப் படகு ஏறி, ஏரியைக் கடந்து பழவேற்காட்டுத் துறைக்கு வர வேண்டும். அங்கே காத்திருக்கும் நாலாவது ஆள் தோணிரேவுப் பக்கம் போய்த் திரும்பி, டச்சுக் கல்லறை வாசலில் முடிக்க வேண்டும். கையில் கோல் கிடையாது. தோளில் குறுக்காகப் போட்ட ஒரு சிவப்புத் துணி ஆள் மாறி ஆள் போகும்.

அந்த நாலு பேர் யார் என்று முடிவு செய்யத்தான் சீட்டு, நாலில் ஒன்று முதல் நாலு வரை எண், மற்றவை வெறுமை. வேகமாக ஓடுகிற நாலு பேரை அனுப்பலாமே என்று வேறு எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றும். எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். அப்படி வருகிற முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வந்தவன் தானே போக வேண்டும். அதை விற்க முடியாது, மாற்றிக்கொள்ள முடியாது, தம்பிக்கு விட்டுக்கொடுக்க முடியாது. காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்த இடம் அன்றைக்குச் சும்மா கிடக்கும், இறால் துள்ளிக்கொண்டு போனாலும் வேறொருவன் அங்கே வலை இறக்க மாட்டான். இந்தப் பழக்கம் எங்களுக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்றால், பந்தயக்காரர்கள் கொடுத்த படிவத்தில் மாற்று ஆள் பெயர் எழுதும் கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டுக் கொடுத்துவிட்டோம். சீட்டு வந்தவர் ஓடுவார், இதில் மாற்று ஆள் எதற்கு என்று எங்கள் தலைவரே கேட்டார். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் இரண்டிரண்டு பெயர் எழுதியிருந்தார்கள்.

கடைசியில் சித்தி கையை எடுத்தாள். அவள் சீட்டில் நாலு என்று இருந்தது. கடைசி ஓட்டம், டச்சுக் கல்லறை வாசலில் முடிப்பது. அவள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு ஓரமாகப் போய் நின்றாள். எனக்கு மூன்று வந்தது. படகில் குந்திக்கொண்டு போகிற பங்கு. ஓட்டப் பந்தயத்தில் உட்கார்ந்தே போன ஒரே ஆள் நான்தான் என்று பிறகு வருடக்கணக்கில் என்னைக் கேலி செய்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் சித்தி வாயைத் திறந்தாள். "நைனா இருந்திருந்தா இன்னிக்கு ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சிருப்பாரு" என்றாள். அவளுடைய நைனா, என் அம்மாவுக்கும் நைனா, இரண்டும் பெண்ணாகப் பெற்றவர். ஏரியில் பாடு கல்யாணமான ஆண்களுக்குத்தான். பிள்ளை இருந்தால் பிள்ளைக்கு வரும், பெண்ணுக்கு வராது. அவர் போன பிறகு அந்த வீட்டுப் பேரைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். யார் மேலும் குற்றமில்லை, வழக்கம் அது. எனக்கு என் நைனா வழியில் பாடு இருந்தது, கல்யாணம் ஆன மறு வருடமே என் பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். அதைப் பெரிய விஷயமாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. என் பேர் வந்தால் போவேன், வராத நாளில் என்ஜின் ரிப்பேர் கடையில் இருப்பேன். சித்திக்கு முப்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தன் பேருக்கு ஒரு சீட்டு வந்தது. அது ஓட்டப் பந்தயச் சீட்டு என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

சனிக்கிழமை விடியலில் திருப்பாலைவனத்துக்கு முதல் பஸ்ஸில் போனோம். அந்தக் காலை என் நினைவில் பாதி தூக்கத்தில் பார்த்தது மாதிரிதான் இருக்கிறது. அறுவடை முடிந்த வயல்களின் மேல் பனி முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ஊர்க்காரர்கள் தார்ச்சாலை நெடுகக் கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள். அதன் மேல்தான் ஓட வேண்டும். கால் அமுங்கி அமுங்கி எழுந்தது, சத்தமே இல்லை. முப்பது நாற்பது பேர் ஓடுகிறோம், மூச்சு மட்டும் கேட்கிறது. எங்கோ கோயில் மணி அடித்தது. ஒரு அம்மாள் களத்துமேட்டில் முறத்தை நிறுத்திவிட்டு, "எதுக்கும்மா இப்பிடி ஓடுறீங்க, யாரு தொரத்துறாங்க?" என்று சித்தியைப் பார்த்துக் கேட்டாள். சித்தி ஓடிக்கொண்டே திரும்பி, "யாரும் இல்லக்கா, அதான் ஜாலியா கீது" என்று சொன்னது எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. அவள் சிரிப்பும் கேட்டது.

அந்த வைக்கோலுக்குள்தான் வேலிக்காத்தான் முள் ஒன்று கிடந்திருக்கிறது. தேய்ந்த ஷூவின் அடியைத் துளைத்து, வலது பாதத்தில் குதிகாலுக்குச் சற்று முன்னால் ஏறியது. சித்தி நிற்கவில்லை. பெண்களில் மூன்றாவதாக வந்து முடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். முள்ளை இழுத்தாள், பாதிதான் வந்தது. மீதியை அங்கிருந்த நர்ஸ் ஊசியால் நோண்டி எடுத்து, ஊசி மருந்தும் போட்டு அனுப்பினார். சாயங்காலம் நாங்கள் மணலில் ஓடி, நான் நாலாவதாக வந்து பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, சித்தி படகு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் பூரி மாதிரி உப்பியிருந்தது.

தலைவர் அவள் எதிரில் குந்தினார். ஐஸ் பேக்டரியில் சூப்பர்வைசர், நல்ல மனிதர், ஆனால் மீஞ்சூர்க்காரர்களிடம் மூன்று வருடமாகத் தோற்று அவர் முகமே சிறுத்துப்போயிருந்தது. "இந்தக் காலை வச்சிக்கினு நாளைக்கு இன்னாம்மா பண்ணுவ? மீதி மூணு பேர்ல யாருக்காச்சும் குடுத்துடு. ஒரே ஆளு ரெண்டு பங்கு ஓடலாமாம், ரூல்ல கீதாம். கேட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

"பாட்டை குடுக்கக் கூடாதுன்னு சட்டியை வச்சதே நீங்கதானே."

"அது ஏரிம்மா. இது கப்பு."

"எனக்கு வந்தது நான் போவேன்" என்றாள் சித்தி. அவள் குரல் உயரவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். நானாவது அப்போது, அவள் சொல்வது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு காலை பசியாவரம் தெருவில் நான் காத்திருந்தேன். இன்னும் வெயில் ஏறவில்லை. வீடுகளுக்கு வெளியே வலைகளைக் காயப் போட்டிருந்தார்கள், அவற்றிலிருந்து ஏரியின் வாசனை வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள், ஆனால் பனியில் யார் முகமும் தெரியவில்லை, கைதட்டல் மட்டும் வந்தது. தலைவர்தான் எங்களுக்கு இரண்டாவது ஆள். வாய் பிளந்து, கண் சொருகி, ஐம்பது வயது மனிதர் எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்தார். துணியை என் தோளில் போட்டுவிட்டு, என் காதருகில், "எறங்கனா நிக்காத. அவகிட்ட குடுக்காத, நீயே ஓடிடு" என்றார். நான் தலையை ஆட்டினேனா என்று இப்போது நினைவில்லை. ஓடிப்போய்ப் படகில் குதித்தேன்.

அந்தப் பயணம் ஒரு கால் மணி நேரம் இருந்திருக்கும். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. என்ஜின் கூடாது, கோல் ஊன்றித்தான் போக வேண்டும் என்பது பந்தய விதி. தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளை. கோல் சேற்றில் இறங்கும் சத்தம், எடுக்கும்போது சொட்டும் சத்தம், வேறொன்றும் இல்லை. கரை தெரியவில்லை, நாங்கள் நகர்வதும் தெரியவில்லை. இடதுபுறம் பூநாரைகள் கூட்டமாக நின்றன, கால் தெரியாமல் உடம்பு மட்டும் பனியில் மிதந்தது. இதே தண்ணீரில்தானே டச்சுக்காரன் கப்பல் சரக்கு வந்து இறங்கியது, அவர்களும் இப்படிக் கரை தெரியாமல் உட்கார்ந்திருப்பார்களோ என்று சம்பந்தமில்லாமல் தோன்றியது. ஓடி முடிக்கப் போகிற இடம் அவர்களுடைய கல்லறை. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் எதையாவது நினைத்துக்கொண்டிருந்தது, நினைக்க வேண்டியதை நினைக்காமல் இருக்கத்தான்.

படகுக்காரர் பசியாவரத்து ஆள், என் நைனா வயது. அவருக்குப் பேசாமல் இருக்க முடியாது. "சித்தி கால் எப்பிடிப்பா கீது?" என்றார்.

"வீங்கிக்கினு கீது. தலைவரு என்னையே ஓடச் சொல்லிட்டாரு."

கோல் நின்றது. படகு தானாகக் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போனது. "சீட்டு உன் பேருக்கா வந்துச்சு?"

"இல்ல."

"அப்பால இன்னாத்துக்கு நீ ஓடுற?"

"ஜெயிக்கணும்ல."

அவர் மறுபடி கோலை ஊன்றினார். துறை சேரும் வரை அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. கோல் மட்டும் முன்னைவிட வேகமாக இறங்கி ஏறியது. பின்னால் மீஞ்சூர்ப் படகின் சத்தம் கேட்டது, நாலைந்து படகு நீளம்தான் இருக்கும்.

துறை பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் கட்டிப்போட்ட படகுகளின் மூக்கு, பிறகு படி, பிறகு ஆட்கள். சித்தி எல்லாருக்கும் முன்னால், தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தாள். இடது காலில் ஷூ. வலது காலில் கிழித்த புடவைத் துணியைச் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டியிருந்தாள். முடியை எண்ணெய் வைத்து வாரி, பொட்டு வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்ததும் வலது கையை நீட்டினாள். படகு தரை தட்டியது. குதித்தேன். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "குட்றா" என்றாள். நான் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

அவள் காலுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சங்கத்துக்காக என்றும் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால் எனக்கு ஆசை. படகில் குந்திவந்தவன் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. உடம்பில் பலம் இருந்தது, முன்னால் சாலை வெறுமையாக இருந்தது. பின்னால் சித்தி கூப்பிடவில்லை, திட்டவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்வதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. தோணிரேவுப் பக்கம் போய்த் திரும்பும்போது பனியில் எதிரே வருகிறவர் யாரென்றும் தெரியவில்லை, மீஞ்சூர்க்காரன் என் தோளுக்கு அருகில் வந்துவிட்டான். கல்லறைச் சுவர் தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன். இரண்டு அடியில் ஜெயித்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தலைவர் எலும்புக்கூட்டின் மண்டையைத் தடவி முத்தம் கொடுத்தார்.

அந்தக் கப்பு இன்றும் தலைவர் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. சங்கத்தில் இப்போது அறுபது பேருக்கு மேல், ஓட்டத்துக்கென்றே பனியன் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சீட்டு போடுவதை நிறுத்திவிட்டோம், கடிகாரத்தில் வேகம் பார்த்து ஆள் எடுக்கிறோம், நிறைய ஜெயிக்கிறோம். சித்தி மகளோடு பொன்னேரியில் இருக்கிறாள். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்கிறோம், என் பிள்ளைகள் மேல் அவளுக்கு உயிர். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் ஒருமுறைகூடப் பேச்செடுத்ததில்லை, நானும் மன்னிப்பு என்று வாயைத் திறந்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்குப் பரிசு கொடுத்து முடித்து, இட்லியும் சாப்பிட்டு, எல்லாரும் கலைந்து போனார்கள். துறையில் சித்தியைக் காணவில்லை, வீட்டுக்குப் போயிருப்பாள் என்றார்கள். எனக்கு அவள் வீட்டுக்குப் போகக் காலும் வரவில்லை, வேறெங்கும் போகவும் தோன்றவில்லை. கல்லறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பனி முழுக்க விலகியிருந்தது. பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். சாலையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை ஒரு ஷேர் ஆட்டோ தேய்த்துக்கொண்டு போனது. அப்போதுதான் தோணிரேவு வளைவில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. ஒரு கால் வைத்து, மறு காலை இழுத்து, நின்று, மறுபடி ஒரு கால் வைத்து. பிளாஸ்டிக் கவர் கிழிந்து தரையில் இழுபட்டது. எழுந்து ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். கையைக் காட்டி என்னை அங்கேயே நிற்கச் சொன்னாள்.

அந்த நூறு அடியை அவள் கடக்கும் வரை நின்றேன். அழிந்துபோன கோட்டைத் தாண்டி, வாசல் தூணைத் தொட்டு, மூச்சு வாங்கினாள். "மணி இன்னா?" என்றாள்.

"ஒன்பது ஆவப் போவுது சித்தி."

"சரி" என்று தலையாட்டினாள். கூட்டலில் விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்கிறவள் மாதிரி அதை ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் கழுத்திலிருந்து மெடலைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இந்தா சித்தி. இது உன்னுது" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

சித்தி மெடலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"அது நீ ஓடினது, நீ வச்சிக்கோ" என்றாள். "என் பேருக்கு வந்தத நான் நடந்துட்டேன்."